பிராக் நகரில் இரண்டரை நாள், முட்டி வலியுள்ள அம்மாவோடு: வழி சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். அக்டோபர் கடைசியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வியன்னாவிலிருந்து ரயிலில் பிராக் போகிறேன். வெள்ளி மதியம் இறங்கி, ஞாயிறு இரவு திரும்ப வேண்டும். சமதரையில் அம்மா மெதுவாக நடப்பார்; படிதான் சிரமம். பழைய நகரம் முழுக்கக் கல் பாவிய தெருக்கள் என்பதால் கவலையாக இருக்கிறது.

1357-இல் கட்டத் தொடங்கிய சார்லஸ் பாலத்தை, விடிந்ததும் கூட்டம் சேருமுன் பார்க்க நினைக்கிறேன். அரை கிலோமீட்டர் நீளம், இருபுறமுமாக 30 சிலைகள். ஒவ்வொன்றின் முன்னும் நின்று முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அம்மா நகர்வார். கோயிலில் தூண் சிற்பங்களையும் அப்படித்தான் பார்ப்பார். அவரை அவசரப்படுத்த எனக்கு மனசில்லை. பாலத்தை ஒட்டி உட்கார இடம் உண்டா?

கோட்டைக்கு 22-ஆம் நம்பர் டிராமில் மேலேயே போய் இறங்கலாம் என்று தெரியும். உள்ளே இருக்கும் புனித விட்டஸ் தேவாலயம் 1344-இல் தொடங்கி 1929-இல்தான் முடிந்தது. அதன் வண்ணக் கண்ணாடி சன்னல்களை அம்மா பார்த்தே ஆக வேண்டும். வரிசை எந்த நேரத்தில் குறைவாக இருக்கும்? கீழே வர, படிக்கட்டு இல்லாத வழி எது?

1410-ஆம் ஆண்டின் வானியல் கடிகாரத்தில் மணிக்கொரு தரம் அப்போஸ்தலர் பொம்மைகள் வலம் வருமே, அதை எங்கே நின்று பார்த்தால் நல்லது?

அம்மா சுத்த சைவம், முட்டைகூடச் சாப்பிட மாட்டார். பெரியவர்களோடு போய் வந்தவர்கள், டிராம் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் லிஃப்ட் உள்ள தங்குமிடம் எந்தப் பகுதியில் கிடைக்கும் என்றும் சொல்லுங்கள். இந்த வாரமே பதிவு செய்ய வேண்டும்.