இரட்டையருக்குத் தடுப்பூசியின் பலன் வேறுபடுவது ஏன்?

கேள்வி:
செவிலியர் பயிற்சியில் இருக்கும் என் இரட்டை மகள்கள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணைகளையும் ஒரே நாள்களில் போட்டுக்கொண்டனர். இருந்தும் பரிசோதனையில் மூத்தவளுக்கு எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) அளவு 640, இளையவளுக்கு 8. அச்சில் வார்த்தாற்போல் இருப்பவர்களிடம் இவ்வளவு வேறுபாடு எப்படி வரும்? பிரசவத்தின்போது நஞ்சுக்கொடி இரண்டு இருந்ததாகச் சொன்னார்கள்.

மறுமொழி 1:
நஞ்சுக்கொடி இரண்டு என்பதால் அவர்கள் ஒருகரு இரட்டையர் (ஒரே கருமுட்டை பிரிந்து உருவானவர்கள்) அல்லர் என்று முடிவு கட்டிவிட முடியாது. ஐயத்தைத் தீர்ப்பது மரபணுச் சோதனைதான். காம்பியாவில் இரட்டைக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஆய்வு, எதிர்ப்பொருள் அளவில் காணப்படும் வேறுபாட்டில் மரபின் பங்கை ஹெபடைடிஸ் பி தடுப்பூசிக்கு 77 விழுக்காடு, போலியோ சொட்டு மருந்துக்கு 60, டெட்டனஸுக்கு 44 என்று கணித்தது. ஆனால் இது ஒரு கூட்டத்துக்குள் உள்ள வேறுபாட்டைப் பகுத்துக் காட்டும் எண்ணே அன்றி, உங்கள் இளைய மகளின் 8க்கு மரபு எவ்வளவு காரணம் என்று சொல்வதன்று.

மறுமொழி 2:
தடுப்பூசியின் புரதத் துண்டுகளை டி செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்களுக்கு எடுத்துக்காட்டும் எச்எல்ஏ மரபணுக்களுக்கு இதில் குறிப்பிடத்தக்க பங்கு உண்டு என்றாலும், அவை மட்டுமே காரணமல்ல. ஆனால் எல்லாத் தடுப்பூசிக்கும் இப்படியல்ல: ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட இரட்டையர் ஆய்வில், இன்ஃபுளுயன்சா தடுப்பூசிக்கு எழுந்த எதிர்வினையில் மரபின் தாக்கம் ஏறத்தாழப் புலப்படவே இல்லை.

மறுமொழி 3:
எதிர்ப்பொருள் அளவு 10க்குக் கீழ் இருந்தால் போதிய பாதுகாப்பாகக் கொள்வதில்லை. கடைசித் தவணைக்குப் பின் ஓரிரு மாதங்களுக்குள் பரிசோதித்தீர்களா? பிட்டத்தில் போட்ட ஊசியும் அளவைக் குறைக்கும். மருத்துவரிடம் கூடுதல் தவணை பற்றிக் கேளுங்கள்.