பியானோ ஏ.ஆர்.எஸ்.எம்.: மூன்றும் மைனர் கீ, இப்படியே போகலாமா?

கேள்வி:
எட்டாம் கிரேடு முடித்து ஒன்பது வருஷமாகிறது. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் மறுபடி பியானோ முன் உட்கார்ந்திருக்கிறேன். ஏ.ஆர்.எஸ்.எம். (ஏ.பி.ஆர்.எஸ்.எம். இசை வாரியம் எட்டாம் கிரேடுக்கு மேல் நடத்தும் வாசிப்பு டிப்ளமா) தேர்வுக்கு 30 நிமிடம் வாசிக்க வேண்டும். நான் எடுத்து வைத்திருப்பது: பீத்தோவனின் ‘பத்தேத்திக்’ சொனாட்டா முழுசும் (என் வேகத்தில் 19 நிமிடம்), ஷோபேனின் சி ஷார்ப் மைனர் நாக்டர்ன் (4), ராஹ்மானினாஃபின் சி ஷார்ப் மைனர் பிரிலூட் (நாலரை). 1798 வாக்கில் ஒன்று, 1830 ஒன்று, 1892 ஒன்று. மூன்றும் மைனர் கீ (சோகச் சாயல் உள்ள சுரவரிசை) என்றாலும் காலம் வேறு வேறுதானே? டீச்சர் மட்டும் “ரொம்ப கனமா இருக்கே” என்கிறார். ராஹ்மானினாஃபை விட மனசே வரவில்லை.

பதில் 1:
உங்கள் டீச்சர் சொல்வது சரி என்றுதான் எனக்குப் படுகிறதும்மா. நான் இருபது வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். வருஷக் கணக்கைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். பத்தேத்திக் முதல் பகுதியில் இடது கை ஆக்டேவை (ஒரே சுரத்தின் கீழ், மேல் ஸ்தாயிகளை) விடாமல் உருட்டுகிறது. சொனாட்டா முடிந்து கொஞ்ச நேரத்தில் பிரிலூட்; அதன் தொடக்கப் பகுதி திரும்பி வரும்போது நான்கு வரிகளில் எழுதவேண்டிய அளவுக்குக் கனத்த கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்). மணிக்கட்டு தாங்காது. கேட்பவருக்கும் பத்தேத்திக்கின் மெதுவான நடுப்பகுதியான அடாஜியோவின் ஏ ஃபிளாட் மேஜரைத் தவிர வெளிச்சமே இல்லை. மெல்லிய, துள்ளலான விரல் உங்களிடம் இருக்கிறதா என்று காட்ட இடமே வைக்கவில்லையே!

பிரிலூடுக்குப் பதில் பார்டோக்கின் ‘ருமேனிய நாட்டுப்புற நடனங்கள்’ வாசித்துப் பாருங்கள். ஆறு குட்டி நடனங்கள், ஐந்தரை நிமிடம் வரும். மூன்றாவது நடனம் குழல் மாதிரி உச்சியில் ஒலிக்கும். எனக்கு ஒவ்வொரு தடவையும் சிம்மேந்திரமத்யமம் ராகம் ஞாபகம் வரும். கடைசி இரண்டும் ஓட்டம்தான், அதிலேயே முடித்துவிடலாம்.

பதில் 2:
குறைந்தது 20 நிமிடம் தேர்வு நடத்துபவர்களின் பட்டியலிலிருந்து வரவேண்டும். மனசைக் கொடுக்கும் முன் ஒவ்வொன்றையும் பட்டியலில் தேடிவிடுங்கள் அக்கா. நடுவில் நிறுத்தும் நேரத்தையும் சேர்த்து டைமர் வைத்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
நேற்று ராத்திரி சோதித்தேன் சார். பத்தேத்திக் முடித்த கையோடு பிரிலூட் வாசித்தால் கடைசிப் பக்கத்தில் மேல் குரல் காணாமலே போகிறது. ஃபோனில் பதிவு செய்து கேட்டபோதுதான் தெரிந்தது. பார்டோக் வாங்கிவிட்டேன். பத்தேத்திக், நாக்டர்ன், நடனங்கள்: இந்த வரிசையில் இருபத்தெட்டரை. மகள் இரண்டாவது நடனத்துக்கு இப்போதே ஆடுகிறாள்.