சிப்பிப்பாறை நாய்க்குட்டிக்கு முன்னங்கால் வளைகிறது, சாப்பாட்டை எப்படி மாற்றுவது?

எங்கள் சிப்பிப்பாறைக் குட்டி கருப்பிக்கு 5 மாதம், எடை 11 கிலோ. ஊர் விருதுநகர். ஒரு மாதமாக முன்னங்கால் இரண்டும் வளைந்துகொண்டே வருகின்றன. காலையில் எழுந்ததும் நொண்டுகிறாள், படி ஏற மாட்டேன் என்கிறாள்.

வந்த நாளிலிருந்து சோறு, எலும்பில்லாத கோழிக்கறி, வாரம் மூன்று முட்டை, கொஞ்சம் கேரட். வெங்காயம், பூண்டு சேர்ப்பதே இல்லை. நல்ல சாப்பாடு என்றுதான் நம்பினோம். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், வெறும் கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு, அதை ஈடுகட்ட உடம்பு எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கிறது என்றார். கேட்டதிலிருந்து மனசே ஆறவில்லை.

மூன்று வாரமாக அவர் எழுதிய கால்சியம் சிரப் போகிறது. பால் வைத்தோம், கழிச்சல். குட்டிகளுக்கான உலர் தீவனத்துக்கு ஒரேயடியாக மாற்றினோம், மறுபடி கழிச்சல், நான்கே நாளில் அரை கிலோ இறங்கிவிட்டாள். திரும்பவும் சோறும் கறியும்தான். கோழி எலும்பு போடு என்கிறார்கள் பக்கத்து வீட்டில். வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்தும், அதனால் போடவில்லை.

இந்த வயதுக் குட்டியைச் சோற்றிலிருந்து உலர் தீவனத்துக்குக் கழிச்சல் இல்லாமல் மாற்றியவர்கள், எத்தனை நாளில், எந்த அளவில் கலந்து மாற்றினீர்கள்?