புதுப்பிப்பு: ஸ்ட்ரெய்ட்னரில் போட்ட சுருள் நிற்காத பிரச்சினை தீர்ந்தது

நான் கேட்டது இது: ஸ்ட்ரெய்ட்னரால் (முடியைச் சூடான இரு தட்டுகளுக்கு நடுவே கவ்வி நேராக்கும் கருவி) சுருட்டிய முடி சீக்கிரமே தொங்கிவிடுகிறது, வேர்ப்பக்கம் மடிப்புத் தடமும் விழுகிறது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தொங்கலுக்குக் கைகொடுத்தது "ஆறும்வரை தொடாதீங்க" என்ற யோசனை. முடியின் வடிவத்தைப் பிடித்து வைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் சூட்டில் தளரும், முடி ஆறும்போதுதான் புது வடிவத்தில் இறுகும். சூட்டோடு சீப்பு போட்டால் சுருள் நீண்டுவிடும். இப்போது ஒவ்வொரு சுருளையும் உள்ளங்கையில் சுருட்டி கிளிப் குத்திவிடுகிறேன். தொட்டால் சூடு தெரியாதபோதுதான் எடுப்பது. சூட்டைக் கூட்டச் சொன்ன யோசனைக்கு அவசியமே வரவில்லை, 180 டிகிரி செல்சியஸ் போதும்.

மடிப்பு விழுவது, கவ்விய இடத்திலேயே நின்று திருப்புவதால். வேரிலிருந்து 2 அங்குலம் விட்டு, இறுக்காமல் கவ்வி, அரை வட்டம் திருப்பிய கையோடு கீழே இழுக்க வேண்டும். நடுவில் நிற்கவே கூடாது. கற்றை 1 அங்குல அகலத்துக்கு மேல் வேண்டாம்.

எதிர்பாராத விஷயம் கருவியின் வெளி ஓடு. திருப்பியதும் முடி அதன் மேல்தான் சுற்றி வருகிறது. ஓரம் கூராக இருந்தால் முடி சிக்கி, சுருள் கோணலாகும். உருண்ட ஓரம் என்றால் வழுக்கிக்கொண்டு வரும். வாங்கும்போது டிகிரி எண்ணைப் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

வெப்பப் பாதுகாப்பு ஸ்ப்ரே அடித்தால் அது முழுக்க உலரட்டும். 'சுர்'ரென்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள், முடியில் இன்னும் ஈரம் இருக்கிறது.