பணவியல் பாடத்தைக் குழித்துறையில் தொடங்குவதா, மும்பையில் தொடங்குவதா?

வடசேரி மாணவி

எம்.ஏ. பொருளியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் பணமும் வங்கியும் என்று ஒரு தாள். பாதிப் பருவம், பணத்தின் அளவையும் விலைவாசியையும் இணைக்கும் ஃபிஷரின் சமன்பாட்டிலும், மக்கள் பணத்தை ஏன் கையில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கும் கீன்ஸின் நீர்மை விருப்பத்திலும் பணப் பெருக்கியிலும் கழிந்துவிட்டது. தெருவில் நடப்பது வேறாக இருக்கிறது. 2025 பிப்ரவரி தொடங்கி ஜூனுக்குள் மும்பையிலிருக்கும் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் குறுகிய காலக் கடனின் வட்டியான ரெப்போ விகிதத்தை 6.50 சதவீதத்திலிருந்து 5.50 ஆகக் குறைத்தது. எங்கள் வீட்டுக் கடனுக்கு வட்டி இறங்கியது. குழித்துறையில் சித்தி ஒரு தனியார் நிறுவனத்தில் அடகு வைத்திருக்கும் வளையலுக்கு ஒரு பைசா இறங்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா சேர்ந்திருக்கும் ஏலச்சீட்டிலோ, பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில், சீட்டை முன்கூட்டி எடுப்பவர் விட்டுக்கொடுக்கும் தள்ளுபடி ஏறத்தான் செய்தது. ஏன் என்று வகுப்பில் கேட்டேன். அது பாடத்திட்டத்தில் இல்லை என்று பதில் வந்தது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தப் பாடத்தை நகைக் கடனிலும் சீட்டிலும் வளைகுடாவிலிருந்து வரும் பணத்திலும் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. சமன்பாடுகள் பிறகு வரட்டும். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்க வேண்டுகிறேன்.

தக்கலை முன்னாள் மேலாளர்

சரியான கேள்வி மக்களே. பல ஆண்டுகள் வங்கிக் கிளையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மாணவர்களை அதிகம் குழப்புவது பணப் பெருக்கி அத்தியாயம்தான். ஒருவர் 1,000 ரூபாய் போடுகிறார், வங்கி அதில் ஒரு பங்கை ரிசர்வ் வங்கியில் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் கடனாகக் கொடுக்கிறது, அது அடுத்த வங்கிக்குப் போய் மறுபடி பிரிகிறது என்று கரும்பலகையில் எழுதுகிறார்கள். எந்தக் கிளையிலும் கடன் இப்படிப் பிறப்பதில்லை.

நடப்பது இது. ஒரு பெண் சங்கிலியோடு வருகிறார். மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரைத்துப் பார்க்கிறார். கல் பதித்த பதக்கம் இருந்தால் கல்லின் எடையைக் கழிக்கிறார். நிகர எடைக்கு அன்றைய விலை போட்டு, ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் வரம்புக்குள் தொகையை முடிவு செய்வோம். நான் பணியில் இருந்தபோது பெரும்பாலும் மதிப்பில் 75 சதவீதம். 80,000 ரூபாய் என்று வைத்துக்கொள். பேரேட்டில் இரண்டு பதிவுகள் விழும். நகைக் கடன் கணக்கில் 80,000 பற்று, அந்தப் பெண்ணின் சேமிப்புக் கணக்கில் 80,000 வரவு. வேறு எந்த வாடிக்கையாளரின் கணக்கிலும் ஒரு ரூபாய் குறையாது. கடன் கொடுத்த நொடியில் வைப்பு பிறந்துவிட்டது. இங்கிலாந்தின் மத்திய வங்கியே 2014இல் தன் காலாண்டு இதழில் இதை விளக்கி எழுதியது; பாடநூலில் இருப்பது நடைமுறை அல்ல என்றும் சொன்னது.

மாலையில் அந்தப் பெண் பணத்தை வேறு வங்கியில் இருக்கும் மகனின் கல்லூரிக் கணக்குக்கு அனுப்புகிறார். அப்போதுதான் ரிசர்வ் வங்கியில் எங்கள் வங்கிக்கு இருக்கும் இருப்பு குறைகிறது. குறைந்ததை ஈடுகட்ட ஒரு நாளைக்குக் கடன் வாங்கினால் அதன் வட்டி ரெப்போவை ஒட்டியே நிற்கும். மும்பையின் முடிவு குழித்துறைக்கு வந்து சேரும் வழி இதுதான். முதல் வாரத்தில் இந்த இரண்டு பதிவுகளைச் சொல்லிக் கொடுத்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும்.

மார்த்தாண்டம் ஆசிரியை

மேலாளர் சாரின் பேரேட்டை நான் மறுக்கவில்லை. அதை வைத்து ஓர் அத்தியாயத்தையே தள்ளுவதை மறுக்கிறேன்.

1990களின் தொடக்கத்தில், வைப்பில் ரிசர்வ் வங்கியிடம் ரொக்கமாக வைக்க வேண்டிய ரொக்க இருப்பு விகிதம் 15 சதவீதம், அரசுப் பத்திரம் போன்றவற்றில் வைக்க வேண்டிய சட்டப்பூர்வ நீர்மை விகிதம் 38.5 சதவீதம். நூறு ரூபாய் வைப்பு வந்தால் பாதிக்கு மேல் கட்டிப்போடப்பட்டது. வட்டி விகிதங்களையும் மேலிருந்தே நிர்ணயித்தார்கள். அந்தக் காலத்தில் பணத்தின் அளவைக் கட்டுப்படுத்துவதுதான் கொள்கை. 1985இல் சக்கரவர்த்தி குழு பரிந்துரைத்த பண இலக்கு முறைக்குப் பெருக்கி ஓர் உண்மையான கருவி. 1998இல் பல குறியீடுகளைப் பார்க்கும் முறை வந்தது. 2016இல் சட்டத்தைத் திருத்தி, பணவீக்கம் 4 சதவீதம், கூடினாலும் குறைந்தாலும் 2 புள்ளிக்குள் என்று இலக்கு வைத்தார்கள். 2025 இறுதியில் ரொக்க இருப்பு விகிதம் 3 சதவீதத்துக்கு வந்துவிட்டது. எந்தக் காலத்துக்குரியது என்று சொல்லாமல் பெருக்கியைக் கற்பிப்பதுதான் பிழை.

சார் சொன்ன பேரேட்டை மட்டும் படித்தவர்களுக்கு அடுத்து ஒரு கேள்வி எழும். கடன் கொடுத்தால் வைப்பு பிறந்துவிடும் என்றால் வங்கி ஏன் விழுகிறது? இந்த மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்தபோது, 1938இல், திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி விழுந்தது. ரிசர்வ் வங்கி தொடங்கி அப்போது மூன்று ஆண்டுகள்தான். போட்ட பணத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டால் எந்த வங்கியாலும் கொடுக்க முடியாது. நீர்மை என்றால் என்ன, கடைசிப் புகலிடமாக நின்று கடன் கொடுப்பவர் யார் என்று புரிய அந்தப் பதிவுகள் போதாது, கோட்பாடு வேண்டும்.

மகளே, உன் தெருவின் மூன்று வட்டிகளுக்கும் விடை இருக்கிறது. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடனை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டியைத் திருத்த வேண்டும். சித்தி அடகு வைத்த நிறுவனத்துக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அது வங்கியிடமும் கடன் பத்திரத்திலும் திரட்டிய பணத்தைக் கடனாகக் கொடுக்கிறது. அடகுச் சீட்டு எழுதிய நாளின் வட்டியே தவணை முடியும்வரை நிற்கும். ஏலச்சீட்டுக்குள் ரெப்போ நுழைவதே இல்லை. சீட்டில் சேர்ந்த இருபது பேருக்கும் ஒரே மாதத்தில் ரொக்கம் தேவைப்பட்டால் ரொக்கத்தின் விலை ஏறும். அன்றாடச் செலவுக்காகப் பணம் வைத்திருப்பதைக் கீன்ஸ் 1936இல் நடவடிக்கை நோக்கம் என்று எழுதியது இதற்கும் பொருந்தும். கோட்பாடு தெரியாதவருக்கு இது தெருவில் கேட்ட செய்தியாகவே நின்றுவிடும்.

பார்வதிபுரம் தேர்வர்

இரண்டு பேரும் வயிற்றுப்பாட்டை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். நான் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். தேர்வில் வருவது கணக்கு, காரண அறிவு, நடப்புச் செய்தி. பணச் சந்தையில் வட்டியையும் வருமானத்தையும் இணைத்து வரையும் எல்எம் கோட்டை எவரும் கேட்பதில்லை.

ரிசர்வ் வங்கியின் ஆளுநர்களையே பாருங்கள். நாகர்கோவிலில் பிறந்த எஸ். வெங்கிடரமணன் இயற்பியல் படித்தவர். சக்திகாந்த தாஸ் வரலாறு. சஞ்சய் மல்ஹோத்ரா கணினிப் பொறியியல். பணக் கொள்கையை நடத்துவதற்கே இந்தப் பட்டம் வேண்டாம் என்றால், ரப்பர் பால் வெட்டி மகளைப் படிக்க வைக்கும் ஒரு குடும்பம் இரண்டு ஆண்டுக் கட்டணத்தை இதில் ஏன் போட வேண்டும்? மேலாளர் அண்ணாச்சி சொல்வதுபோல் பாடத்தை மாற்றினாலும் என் கேள்வி மாறாது.

மார்த்தாண்டம் ஆசிரியை

தம்பி, கட்டணம் பற்றிய கவலை நியாயமானது. ஆனால் நீங்கள் சொன்ன எடுத்துக்காட்டு உங்கள் பக்கம் நிற்கவில்லை. வெங்கிடரமணன் ஆளுநராவதற்கு முன் மத்திய நிதித்துறைச் செயலாளராக இருந்தவர். 1991 ஜூலையில் அந்நியச் செலாவணி வற்றிப்போய், ஏறத்தாழ 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி ஈடு வைத்தபோது, அந்த மாதம் 1ஆம் தேதியும் 3ஆம் தேதியும் ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது, அவர் தனியாக இல்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பொருளியலில் முனைவர் பட்டம் பெற்ற சி. ரங்கராஜன் துணை ஆளுநராக இருந்தார். ஒரு பெரிய ஆய்வுத் துறையும் பின்னால் இருந்தது. அந்தத் துறையில் அதிகாரியாகச் சேர இன்றும் பொருளியல் முதுகலை கேட்கிறார்கள். ரிசர்வ் வங்கியின் பொதுப் பிரிவு கிரேடு பி அதிகாரித் தேர்வின் இரண்டாம் கட்டத்திலும் பொருளாதாரத் தாள் இருக்கிறது. எழுத்தர் தேர்வை மட்டும் பார்த்துவிட்டு நம் ஊர்ப் பிள்ளைகளை அந்தக் கதவுப் பக்கமே போகவேண்டாம் என்று சொல்லாதீர்கள். எனக்கு மிகவும் வலிக்கும் பேச்சு அது.

பார்வதிபுரம் தேர்வர்

அந்தத் துறையில் வருடத்துக்கு எத்தனை இடம் டீச்சர்? விரல்விட்டு எண்ணிவிடலாம். அதை நம்பி ஒரு வகுப்பறை முழுவதையும் அனுப்ப முடியாது. என் கருத்தில் மாற்றமில்லை.

குளச்சலிலிருந்து துபாய்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். ஆனாலும் இந்தப் பாடம் எங்கள் வீட்டைத் தொடுகிறது. இங்கே துபாயில் புழங்கும் திர்ஹாம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருக்கிறது. 2022 தொடக்கத்தில் 20 ரூபாய்ச் சொச்சமாக இருந்த திர்ஹாம் ஆண்டு முடிவில் 22 ரூபாயைத் தாண்டியது. ஊருக்கு அனுப்பியவர்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் 2022 மார்ச்சிலிருந்து 2023 ஜூலைக்குள் அமெரிக்க மத்திய வங்கி வட்டியைப் பூஜ்யத்தை ஒட்டிய நிலையிலிருந்து ஐந்தரை சதவீதம் வரை ஏற்றியது. ஒவ்வொரு முறையும் இங்கே உடனே ஏற்றினார்கள். இங்கே கடன் வாங்கி ஊரில் வீடு கட்டிய நண்பர்கள் வாஷிங்டனில் முடிவான வட்டியைக் கட்டினார்கள். மும்பையும் வேண்டாம், குழித்துறையும் வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்கு இதை முதலில் சொல்லிக் கொடுங்கள்.

இன்னொன்று. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் விலை ஏறும். ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றினால் கடலில் மீன் கூடுமா? பிறகு ஏன் உணவு விலையையும் சேர்த்த பணவீக்கத்தை அதன் தலையில் வைக்கிறார்கள்?

தக்கலை முன்னாள் மேலாளர்

தம்பி எழுதியதைப் படித்ததும் திருவிதாங்கூர்ச் சக்கரம் நினைவுக்கு வந்தது. 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். சொந்த நாணயம் இருந்தது, மதிப்பு மட்டும் அடுத்தவர் நாணயத்தோடு கட்டப்பட்டிருந்தது. திர்ஹாமும் அப்படித்தான். மாற்று விகிதத்தைக் கட்டி வைத்து, பணம் தடையின்றி வந்துபோகவும் விட்டால், வட்டியைத் தன் விருப்பப்படி வைக்க முடியாது. இதை நம் பிள்ளைகளுக்குப் பாட்டன் காலத்துக் காசைக் கையில் கொடுத்தே விளக்கலாம்.

மார்த்தாண்டம் ஆசிரியை

சக்கரம் நல்ல எடுத்துக்காட்டு சார். கட்டாயம் வகுப்பில் சேர்க்கலாம்.

மீன் பற்றிய கேள்வி பெரியது. 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவுக்கும் பானங்களுக்கும் 45.86 சதவீத எடை இருந்தது. உணவை விலக்கிய இலக்கைப் பரிசீலிக்கலாம் என்று 2023–24 பொருளாதார ஆய்வறிக்கையே எழுதியது. நான் அதை ஏற்கவில்லை. தடைக்காலத்தில் மீன் விலை ஏறி ஆகஸ்டில் இறங்கினால் அதற்காக வட்டியைத் தொட வேண்டியதில்லை. ஆனால் சாப்பாட்டுச் செலவு ஏறியதால் கொத்தனார் கூலி ஏறி, ஆட்டோக் கட்டணம் ஏறி, அவை இறங்காமல் நின்றுவிட்டால் அது வேறு நோய். 2022 ஜனவரி முதல் செப்டம்பர் வரை மூன்று காலாண்டுகள் தொடர்ந்து பணவீக்கம் 6 சதவீதத்துக்கு மேல் நின்றது. ஏன் தவறினோம் என்று ரிசர்வ் வங்கி சட்டப்படி அரசுக்கு எழுத்தில் விளக்கம் கொடுத்தது. உணவை விலக்கியிருந்தால் வீட்டுச் செலவில் பெரும்பகுதிக்கு எவரும் பதில் சொல்ல வேண்டியிருக்காது. கஞ்சிக்கும் மீனுக்குமே வருமானத்தில் பாதியைக் கொடுக்கும் குடும்பத்திடம் உன் செலவு கணக்கில் வராது என்று எப்படிச் சொல்வது?

குளச்சலிலிருந்து துபாய்

பதில் சொல்லட்டும் டீச்சர், நல்லது. ஆனால் அதற்காக வட்டியை ஏற்றும்போது படகுக் கடன் கட்டுபவரும் சேர்ந்து அடிபடுகிறாரே. தடைக்காலத்தில் வருமானம் இல்லாமல் இருப்பவரும் அவர்தான். அதையும் பாடத்தில் எழுதுங்கள்.

வடசேரி மாணவி

எல்லோருக்கும் நன்றி. டீச்சர் விடை சொன்ன பிறகும் நான் என் பக்கத்திலேயே நிற்கிறேன். அந்த விடை எனக்கு விளங்கியதற்குக் காரணம் கேள்வி என் தெருவிலிருந்து வந்ததுதான். ஐந்து அலகுகளை இப்படி மாற்றக் கேட்டுத் துறைத் தலைவரிடம் எழுதிக் கொடுக்கப்போகிறேன்: முதல் அலகு வங்கியின் இருப்புநிலைக் குறிப்பும் நகைக் கடனும். பெருக்கி, 1985ஐச் சொல்லும் இடத்துக்கு நகர வேண்டும். மாற்று விகிதத்துக்குச் சக்கரமும் திர்ஹாமும். இடம் வேண்டும் என்பதால் கேம்பிரிட்ஜ் சமன்பாட்டை நீக்கலாம் என்று நினைக்கிறேன். ஃபிஷரின் சமன்பாட்டையே வேறு வடிவில் எழுதியதுபோல் இருக்கிறது.

மார்த்தாண்டம் ஆசிரியை

அதற்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன். தோவாளைப் பூச்சந்தைக்குப் போய்ப் பார். கியூஆர் அட்டை தொங்காத கடை குறைவு. யுபிஐ 2016இல் வந்தது. ஆனால் 2016 நவம்பரில் புழக்கத்தில் இருந்ததைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு மதிப்புக்கு 2025இல் நாட்டில் நோட்டுகள் இருந்தன. செல்பேசியில் பணம் கொடுக்கும் மக்கள் ரொக்கத்தையும் ஏன் சேர்த்து வைக்கிறார்கள்? வருமானத்தில் எத்தனை பங்கை ரொக்கமாக வைத்திருக்க விரும்புகிறார்கள் என்று கேட்பது கேம்பிரிட்ஜ் சமன்பாடு. ஃபிஷரின் சமன்பாட்டில் அந்த விருப்பத்துக்கு இடமில்லை.

வடசேரி மாணவி

சரி டீச்சர், கேம்பிரிட்ஜ் இருக்கட்டும். எல்எம் கோட்டுக்கு மூன்று வாரம் ஒதுக்கியிருக்கிறார்கள். ரிசர்வ் வங்கி பணத்தின் அளவை விட்டுவிட்டு வட்டியை நிர்ணயிக்கும் காலத்தில் அதற்கு ஒரு வாரம் போதும். மற்ற இரண்டு வாரங்களைக் கேட்டு எழுதுகிறேன்.

தக்கலை முன்னாள் மேலாளர்

எழுதும்போது பேரேட்டை முதல் வாரத்தில் போடச் சொல். டீச்சர் மறுப்பார், பரவாயில்லை. மாதிரிப் பதிவுகள் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன்.