தேயிலைச் செடிக்குள் சிரிப்பான் கூடு, என்ன செய்யலாம்?

கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு முக்கால் ஏக்கர் தேயிலை இருக்கிறது. வேலி ஓரத் தவிட்டுப் பழப் புதருக்குத் தினமும் நீலகிரிச் சிரிப்பான் பறவை ஜோடி ஒன்று வரும், விடிந்ததும் அவை போடும் கெக்கெக்கே சத்தத்துக்குப் பிறகு வீட்டில் யாரும் தூங்க முடியாது. நேற்றுக் கொழுந்து பறிக்கும்போது அம்மா கூப்பிட்டுக் காட்டினார்: இடுப்புயரச் செடிக்குள் கிண்ணம் மாதிரி கூடு, உள்ளே வெளிர்நீல முட்டை 2, மேலே பழுப்புத் தீற்றல். மார்பு செம்பழுப்பு, கண்ணுக்கு மேலே வெள்ளைப் பட்டை, எனவே பறவை அதுதான், சந்தேகமில்லை. கொடைக்கானல் சித்தப்பா அனுப்பிய படத்தில் மார்பு சாம்பல், அது பழனி மலைச் சிரிப்பான், வேறு இனம். இரண்டு மலைகளையும் பிரித்தபடி நடுவில் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறதல்லவா.

சிக்கல் என்னவென்றால், அடுத்த வாரம் கவாத்து (செடிகளை வெட்டிவிடுவது), மிஷின் ஆளுக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. அந்தச் செடியை மட்டும் விட்டால் போதுமா, சுற்றி நாலைந்து வரிசை விட வேண்டுமா? சுற்றிலும் மொட்டையாகிவிட்டால் காக்கை கண்ணில் பட்டுவிடுமே என்று பயம். குஞ்சு பறக்க எத்தனை நாள் ஆகும்? கூடு பார்த்து அனுபவம் உள்ளவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். கிட்டே போய்ப் படம் எடுக்கவில்லை, கேட்காதீர்கள்.