வோஸின் 'கரவானா' கேட்ட அனுபவம்: ஆளுக்கொன்று சொல்லுங்கள்

மொட்டைமாடி:
அர்ஜென்டினா ராப் பாடகர் வோஸின் ஆல்பம் 'கரவானா'. அதைக் கேட்ட கதையை நானே தொடங்குகிறேன். 2019 ஆகஸ்ட், புவெனோஸ் அயர்ஸ். முதற்கட்டத் தேர்தலுக்குப் பிறகு அந்த நாட்டு நாணயமான பெசோ தலைகுப்புற விழுந்திருந்தது. நான் தங்கியிருந்த தெருவில் மளிகைக் கடைக்காரர் விலைச்சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். புதியதை ஒட்டவில்லை, என்ன எழுதுவது என்று அவருக்கே தெரியவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் மகனின் கைப்பேசியில் அந்த ஆல்பத்தின் 'காங்கூரோ' பாட்டு ஓடியது. 12 மணி நேரம் உழைத்து, இருமல் நிற்காமல், சில்லறைக் காசு வாங்குகிறவனைப் பற்றிய வரி வந்ததும் மனிதர் கையை நிறுத்திவிட்டு, "யார் இவன்?" என்றார். அக்டோபரில் முழு ஆல்பமும் வந்துவிட்டது. இன்றைக்கும் அந்தப் பாட்டு வந்தால் சீட்டு இல்லாத அந்த அலமாரிதான் கண்ணில் நிற்கிறது.

ஐந்தாம்படி:
நான் ஏமாந்தவன். புவெனோஸ் அயர்ஸின் ரிவதாவியா பூங்காவில் 'எல் கின்தோ எஸ்கலோன்' என்ற ராப் போட்டி, அதாவது எதிரெதிரே நின்று அந்த நொடியிலேயே வரி கட்டி மோதுவது, நடந்த நாட்களில் போயிருக்கிறேன். பழைய புத்தகக் கடைகளைத் தாண்டிப் போனால் படிக்கட்டு, அதைச் சுற்றிக் கூட்டம், அவ்வளவுதான். எதிராளி விட்ட கடைசிச் சொல்லையே பிடித்து வோஸ் திருப்பி அடித்தபோது, எனக்கு முன்னால் நின்ற பையன் தொப்பியைக் கழற்றித் தரையில் ஓங்கி அடித்தான். எனக்குப் பாதிகூடப் புரியவில்லை, நானும் கத்தினேன். ஆல்பத்தில் அந்தத் தொப்பி எங்கே? எல்லாம் எழுதித் திருத்தித் துடைத்து வைத்தது போல இருக்கிறது. 2018இல் இந்தப் போட்டி ராப்பில் சர்வதேசப் பட்டம் வென்றவர் வந்த வழியை இப்படியா மறப்பது?

ஒற்றைத்தாளம்:
ஐந்தாம்படி, கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் கேட்பது நடக்காத காரியம். ஆசுகவியின் உயிர் அந்த நொடியில் இருக்கிறது. அதையே பதிவு செய்து பத்தாம் முறை கேட்டால் உங்கள் தொப்பிக்காரப் பையன்கூடக் கொட்டாவி விடுவான். என் அனுபவம் சின்னது: இரவுப் பேருந்து, ஜன்னலில் தலை சாய்த்திருந்தேன், தாளம் விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வோஸ் தாளக் கலைஞரின் மகன். சொல்லுக்கு முன்பே கை பழகியவர் என்பது அங்கே தெரிந்தது. ஆல்பத்தின் இசைத் தயாரிப்பாளர் எவ்லே செய்த நல்ல காரியம், அந்தக் கைக்கு இடம் விட்டதுதான்.

இன்னொன்று. நம் காது எதுகைக்குப் பழகியது. வரியின் தொடக்கத்திலேயே நின்றுவிடும். ஸ்பானிஷில் காதை வரியின் வால்பக்கம் வைக்க வேண்டும். அங்கேயும் மெய்யெழுத்து ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயமில்லை. 'காசா' என்று முடித்து 'மாபா' என்று பதில் சொன்னாலே போதும், உயிரொலி இரண்டும் பொருந்திவிட்டன. இது பிடிபட்டால் பொருள் புரியாமலே பாதிப் பாட்டு புரியும். முதல் முறை மொழிபெயர்ப்பைத் திறக்காதீர்கள். இரண்டாம் முறையும் வேண்டாம். சமையல் செய்துகொண்டே கேட்காதீர்கள், குக்கர் விசில் தாளத்தைக் கெடுக்கும். வரிசையை மாற்றிப் போடுவதும் கூடாது.

கடைசிபெஞ்சு:
அறிவுரை யார் கேட்டார்கள் என்று தெரியவில்லை. நான் சமைத்துக்கொண்டேதான் கேட்கிறேன், தாளம் நன்றாகத்தான் இருக்கிறது.

என் கதை வேறு. ஸ்பானிஷ் வாய்மொழித் தேர்வு. ஆசிரியை மாட்ரிட்காரர். தெருவுக்கு அவர் சொல்லிக்கொடுத்தது 'காயே'. மூன்று மாதம் இதே ஆல்பத்தைக் கேட்டதில் என் வாயில் அர்ஜென்டினாக்காரர் போல 'காஷே' என்று வந்துவிட்டது. 'நான்' என்பதற்கு 'யோ' போய் 'ஷோ' வந்தது. 'நீ'க்கு 'தூ' போடாமல் அர்ஜென்டினா வழக்கில் 'வோஸ்' போட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது, கால்பந்து வீரனா?" என்றார். ராப் பாடகர் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

ஐந்தாம்படி:
ஒற்றைத்தாளம், மறுபடி கேட்டேன். தாளம் சரிதான், ஒத்துக்கொள்கிறேன். போட்டியில் சமநிலை வந்தால் நடுவர் 'ரெப்ளிகா' என்று கை காட்டுவார், இன்னொரு சுற்று. அந்த இரண்டு விநாடி மௌனத்தில் கூட்டமே மூச்சைப் பிடிக்கும். அது எந்த ஆல்பத்தில் கிடைக்கும், சொல்லுங்கள்.

மொட்டைமாடி, அந்தக் கடைக்காரருக்குப் பையன் என்ன பதில் சொன்னான்?

மொட்டைமாடி:
ஒன்றும் சொல்லவில்லை. அப்பா திட்டப்போகிறார் என்று நினைத்து ஒலியைக் குறைத்துவிட்டான். அவர் கூட்டச் சொன்னார்.